மார்வ் வுல்ஃப்மேன்: டிராகுலாவை எழுதிய கைதான் டைட்டன்ஸையும் எழுதியதா?

காகிதப்புலி:
இங்கே அமெரிக்க காமிக்ஸ் எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேன் பேச்சு வந்தாலே ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’, அதை விட்டால் இளம் சூப்பர் ஹீரோக்கள் அணியான டீன் டைட்டன்ஸ், அதோடு முடிந்துவிடுகிறது. ரத்தக்காட்டேரி வேட்டைக்காரன் பிளேடு அவர் படைத்த ஆள் என்று சொன்னால் “அது படமாச்சே, காமிக்ஸா?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வாருங்கள். அந்த மனிதர் அடிப்படையில் ஒரு திகில் எழுத்தாளர். 1980களில் டிசி பதிப்பகத்துக்குப் போய் அவர் செய்த நல்ல காரியங்கள் எல்லாம் 1970களில் போட்டிப் பதிப்பகமான மார்வெலில் டிராகுலாவை எழுதி எழுதிப் பழகியவை.

1946இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். தொழிலுக்கு வரும் முன்பே ரசிகர் இதழ்கள் நடத்தியவர். 1960களின் நடுவில் அப்படி ஒரு திகில் கதை இதழில் அவர் வெளியிட்ட ஒரு சிறுகதையை எழுதியது, அப்போது யாருக்கும் தெரியாத ஸ்டீபன் கிங். சரி, அதை விடுங்கள். மார்வெலின் ‘டூம் ஆஃப் டிராகுலா’ (டிராகுலாவின் கல்லறை) தொடர் 1972இல் தொடங்கியது. முதல் ஆறு இதழ்களுக்குள் ஜெர்ரி கான்வே, ஆர்ச்சி குட்வின், கார்ட்னர் ஃபாக்ஸ் என்று மூன்று பேர் மாறிவிட்டார்கள். யாருக்கும் அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. வுல்ஃப்மேன் 7ஆவது இதழில் வந்து உட்கார்ந்தார், 1979இல் 70ஆவது இதழோடு தொடர் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஓவியர் ஜீன் கோலன் முதல் இதழிலிருந்தே இருந்தவர், கடைசிவரை இருந்தார். மார்வெலில் மாதாமாதம் ஆள் மாறிய காலம் அது.

கவனித்துப் பாருங்கள், அந்தத் தொடருக்கு நாயகனே கிடையாது. பெயர் டிராகுலாவுடையது, அவனோ கொலைகாரன். அவனைத் துரத்துகிறவர்கள் சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவர் குவின்சி ஹார்க்கர், ரேச்சல் வான் ஹெல்சிங், டிராகுலாவின் வம்சத்திலேயே வந்த ஃபிராங்க் டிரேக், பேச முடியாத தாஜ். யாருக்கும் எந்தச் சக்தியும் கிடையாது. வில்லன் ஜெயித்தால் கதை முடிந்துவிடும், தோற்றாலும் முடிந்துவிடும். இந்த முட்டுச்சந்தில் நின்றுகொண்டு ஆறேழு வருடம் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அட்டைக்கிழிசல்:
புலி அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். டிராகுலா தொடர் பிரமாதம். ஆனால் அதில் திகில் எங்கிருந்து வருகிறது? கோலனின் பென்சிலிலிருந்து. மூடுபனி, சாய்ந்த கட்டம், முகத்தில் பாதி இருட்டு, அதன் மேல் டாம் பாமரின் மை. அந்தச் சாம்பல் நிழல்களை மையில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை, பாமர் வந்த பிறகுதான் கோலன் கோலனாகவே தெரிந்தார். டிராகுலா முகத்தை நடிகர் ஜாக் பாலன்ஸை மனதில் வைத்து வரைந்ததாகக் கோலனே சொல்லியிருக்கிறார், பாலன்ஸ் தொலைக்காட்சியில் டிராகுலாவாக நடிக்கும் முன்பே. மார்வெலில் வேலை நடந்த விதமும் உங்களுக்குத் தெரியும்: எழுத்தாளர் கதைச்சுருக்கம் கொடுப்பார், ஓவியர் பக்கம் பிரித்து வரைவார், அதன் பிறகுதான் எழுத்தாளர் வசனம் போடுவார். அப்படியென்றால் பயம் எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்தது யார்?

வுல்ஃப்மேனின் பலம் வேறு. அவர் நெடுந்தொடர் எழுத்தாளர். மெகாசீரியல் என்று சொன்னாலும் தப்பில்லை, நான் அதைத் திட்டாகச் சொல்லவில்லை.

பழையகட்டு:
குறுக்கே ஒரு கேள்வி. டிராகுலா ஏன் 1972 வரை காத்திருந்தார்? காப்புரிமைப் பிரச்சினையா?

மைத்துளி:
@பழையகட்டு தணிக்கை சார். 1954இல் அமெரிக்க செனட்டில் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறதா என்று விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் அரசு கைவைக்கும் முன் தாங்களே ஒரு ‘காமிக்ஸ் கோடு’ எழுதிக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடைபிணம் எல்லாம் கூடாது, தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே வரக்கூடாது. அந்த முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் சட்டமே இல்லாமல் ஒரு முழு வகையே செத்துப்போனது. 1971இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். அதுவும் எப்படி? டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் மாதிரி இலக்கிய மரபில் வந்த பூதங்கள் என்றால் சரியாம். நடைபிணத்துக்கு அப்படி இலக்கியப் பரம்பரை இல்லாததால் அதற்கு மட்டும் அனுமதி இல்லை. மார்வெல்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து ‘ஸுவெம்பி’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள்.

இதில் வுல்ஃப்மேனுக்கே ஒரு பங்கு உண்டு, ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. தளர்வுக்குச் சற்று முன்பு, டிசியின் ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ இதழில் அவர் கதை ஒன்று. முன்னுரைப் பகுதியை எழுதிய ஜெர்ரி கான்வே, இதை எனக்கு ஒரு நாடோடி வுல்ஃப்மேன் சொன்னான் என்கிற மாதிரி எழுதிவிட்டார். தணிக்கையினர் ஓநாய் மனிதன் கூடாது, எடு என்றார்கள். ஐயா அது எழுதியவருடைய நிஜப் பெயர் என்றது டிசி. அப்படியானால் பெயரை முறையாகப் போடு, அப்போதுதான் நம்புவோம் என்று பதில் வந்தது. அந்த வகை இதழ்களில் எழுத்தாளர் பெயர் போடுகிற வழக்கம் அதுவரை இல்லை. ஒருவருக்குப் போட்டதும் மற்றவர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். அதே கான்வே பின்னால் வுல்ஃப்மேனை அடுத்து மார்வெலின் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1976இல். அந்த நாற்காலியில் அந்த வருடங்களில் யாரும் நிலைக்கவில்லை.

பழையகட்டு:
தன் பெயரே தணிக்கையில் மாட்டிய எழுத்தாளர்! இது ஒன்றுக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன்.

காகிதப்புலி:
கிழிசல் தம்பிக்குப் பதில். கோலனின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீங்கள் திகில் என்றால் மூடுபனி என்று எடுத்துக்கொள்கிறீர்கள், நான் சொல்வது அது இல்லை. கதையில் ஒன்று நடந்தால் அது நடந்ததுதான், திரும்ப வராது என்ற பயத்தைச் சொல்கிறேன். சூப்பர் ஹீரோ இதழில் அன்றைக்கு அது கிடையாது. இந்த மாதம் கட்டடம் இடியும், அடுத்த மாதம் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

டிராகுலா தொடரின் பின்பாதியைப் பாருங்கள். அவன் ஒரு சாத்தான் வழிபாட்டுக் கூட்டத்துக்குள் நுழைகிறான், டொமினியை மணக்கிறான், ஜேனஸ் என்று ஒரு மகன் பிறக்கிறான், அந்தப் பிள்ளை சாகிறது. கொலைகாரனுக்காக வாசகனை அழவைத்துவிட்டு, அடுத்த இதழிலேயே அவன் யாரோ அப்பாவியின் கழுத்தைக் கடிப்பதைக் காட்டுவார். இரக்கப்பட்ட நமக்கே அசிங்கமாக இருக்கும். கடைசி இதழில் குவின்சி ஹார்க்கர் தன் உயிரைக் கொடுத்துத்தான் அவனை முடிக்கிறார். கிழவர் அத்தனை வருடமாக உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியே ஆயுதமாகிறது. இதெல்லாம் கோலன் வரைந்தது, சரி, ஆனால் முடிவெடுத்தது எழுத்து.

இப்போது டிசிக்கு வாருங்கள். 1980இல் ஓவியர் ஜார்ஜ் பெரஸுடன் ‘நியூ டீன் டைட்டன்ஸ்’. புதிதாக மூன்று பேர்: சைபோர்க், ஸ்டார்ஃபயர், ரேவன். ரேவன் யார்? டிரைகான் என்கிற அரக்கனின் மகள், கோபம் வந்தால் அப்பனின் ரத்தம் மேலே வந்துவிடும் என்று பயந்து எந்த உணர்ச்சியையும் காட்டாமல் வாழ்கிறவள். சைபோர்க் யார்? ஆய்வுக்கூட விபத்தில் உடம்பு சிதைந்து, சாகக் கிடந்தவனைத் தகப்பனே இரும்பை வைத்துத் தைத்துவிட, ஏன் காப்பாற்றினாய் என்று கேட்கிற மகன். மார்வெலில் இதே ஆளை ஃபிராங்கன்ஸ்டைன் இதழில் போட்டிருந்தால் யாரும் வித்தியாசமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

‘கிரைசிஸ்’ 8ஆவது இதழில் அதிவேக ஓட்டக்கார ஹீரோ ஃபிளாஷ் சாவது ஞாபகம் இருக்கிறதா? ஓடிக்கொண்டே இருக்கிறார், கட்டத்துக்குக் கட்டம் முகம் சுருங்கி, கண் குழிந்து, எலும்பாகி, கடைசியில் வெற்று உடை மட்டும் கீழே விழுகிறது. வீர மரணம் என்று பேர், வரைந்திருப்பது உடல் அழுகல். சொல்லுங்கள்.

அட்டைக்கிழிசல்:
சொல்கிறேன். டைட்டன்ஸில் ஆளாளுக்குப் பிடித்த கதை எது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 38ஆவது இதழைச் சொல்வார்கள், அணியில் ஒருத்தியான டோனா டிராய் யார் என்று தேடும் கதை. அதில் சண்டையே இல்லை. பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின் ஒரு துப்பறிவாளனாக, தோழியின் பிறப்பைப் பற்றிய சின்னச் சின்னத் தடயங்களைக் கோத்து அவளை வளர்ப்புத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெண்ணுக்கு முதல் பூர்வீகக் கதையை 1969இல் எழுதியவரும் இதே வுல்ஃப்மேன்தான். அப்போது சின்னப் பையன். பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து அதற்கு மேல் ஒரு மாடி கட்டுகிறார். இதில் எங்கே திகில்?

‘கிரைசிஸ்’ பன்னிரண்டு இதழ், 1985-86, அதற்குள் பல பிரபஞ்சங்களை இடித்து ஒன்றாக்கினார். அதில் முக்கியப் பாத்திரமான மானிட்டரை 1982லேயே டைட்டன்ஸ் இதழ் ஒன்றில் நிழலாக நுழைத்துவிட்டு, மூன்று வருடம் மற்ற இதழ்களில் வில்லன்களுக்கு ஆயுதம் விற்கிறவனாக அலையவிட்டார்கள். இது சீரியல் மூளை. நாளைக்கு வரப்போகிற மருமகளை இன்றைக்கே கல்யாண மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார வைக்கிற மூளை.

யாழ்வாசகி:
இரண்டு பேரும் டெர்ராவை விட்டுவிட்டீர்கள். உங்கள் இரண்டு கட்சியும் சந்திக்கிற இடம் அதுதானே.

படிக்காதவர்களுக்காக: 1982இன் கடைசியில் டெர்ரா என்று ஒரு சிறுமி கதைக்குள் வருகிறாள். மண்ணைக் கட்டுப்படுத்தும் சக்தி, பல்லுக்கு இடையில் சந்து, எப்போதும் சிடுசிடுப்பு. எக்ஸ்-மென் அணியின் சிறுமி கிட்டி பிரைட்டைப் படித்துப் பழகிய வாசகன், ஓ இவள் இவர்களுடைய கிட்டி பிரைட், போகப்போகத் திருந்தி எல்லோருக்கும் செல்லமாகிவிடுவாள் என்று நினைப்பான். அப்படி நினைக்கட்டும் என்றே திட்டமிட்டோம் என்று வுல்ஃப்மேனும் பெரஸும் பின்னால் சொன்னார்கள். உண்மையில் அவள், டெத்ஸ்ட்ரோக் என்ற பெயரில் திரியும் கூலிக்கொலைகாரன் ஸ்லேடு வில்சனின் உளவாளி. 1984இல் ‘ஜூடாஸ் கான்ட்ராக்ட்’ கதையில் எல்லோரையும் காட்டிக்கொடுக்கிறாள், கடைசியில் வெறியில் தன் சக்தியாலேயே புதைந்து சாகிறாள். மன்னிப்பு இல்லை, திருந்தல் இல்லை. அதே கதையில்தான் டிக் கிரேசன் ராபின் உடையைத் துறந்து நைட்விங் ஆகிறான். ஒரு பக்கம் வளர்ச்சி, ஒரு பக்கம் அழிவு.

ஆனால் இன்றைக்குப் படித்தால் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. அவளுக்குப் பதினாறு வயதுதான். ஸ்லேடு நடுவயதுக்காரன், பிள்ளை பெற்றவன். அந்தப் பெண்ணை அவன் எப்படியெல்லாம் பயன்படுத்திக்கொண்டான் என்பதைக் கதை காட்டுகிறது, ஆனால் அவனைக் கேள்வி கேட்கவில்லை. அவள் பிறவியிலேயே கெட்டவள் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அவனைக் கொஞ்சம் கௌரவமான ஆளாகவே வெளியே அனுப்புகிறது. பின்னால் அவனுக்குத் தனித் தொடர் வேறு, அதை எழுதியதும் வுல்ஃப்மேன். டிராகுலாவிடம் காட்டிய கண்டிப்பை ஸ்லேடிடம் அவர் காட்டவே இல்லை என்பது என் குற்றச்சாட்டு.

காகிதப்புலி:
யாழ், இதற்கு என்னிடம் தயார் பதில் இல்லை. டிராகுலா அழகாகப் பேசினால் அடுத்த பக்கத்தில் ஒரு பிணம் கிடக்கும், அது அவன் பேச்சை ரத்து செய்துவிடும். ஸ்லேடு பேச்சை ரத்து செய்ய அடுத்த பக்கத்தில் யாரும் இல்லை. டெர்ராவின் பிணம் கிடக்கிறது, ஆனால் அதைக் கதை அவள் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. நீங்கள் சொன்ன பிறகு அப்படித்தான் தெரிகிறது.

மைத்துளி:
அந்த ஸ்லேடு வில்சனைக் கிண்டல் செய்து பிறந்தவன்தான் மார்வெலின் வேட் வில்சன், அதாவது டெட்பூல். அப்பாவை விடப் பிள்ளை அதிகமாகச் சம்பாதித்துவிட்டான்.

குறைகள் பேச ஆரம்பித்துவிட்டதால் தாஜையும் சொல்லவேண்டும். டிராகுலாவை வேட்டையாடும் குழுவில் நம் இந்தியர் ஒருவர், தலைப்பாகை, மலை மாதிரி உடம்பு, பேச்சு வராது. ஐரோப்பியர்கள் வசனம் பேசுவார்கள், இவர் கதவை உடைப்பார். வுல்ஃப்மேன் பிறகு அவரை இந்தியாவுக்கு அனுப்பி, மனைவி, ரத்தக்காட்டேரியாகிவிட்ட மகன் என்று ஒரு சோகக் கதை கொடுத்தார், தகப்பனாக அந்த மனிதர் நிற்கும் பக்கங்கள் நன்றாகவே இருக்கும். ஆனாலும் மூடிய வாயைத் திறக்கவில்லை.

பிளேடு பரவாயில்லை. 1973இல் 10ஆவது இதழில் லண்டன் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார், பச்சை ஜாக்கெட், பெரிய கண்ணாடி, மரக்கத்திகள். வாய் ஓயாது. பிரசவ நேரத்தில் வைத்தியனாக வந்த ரத்தக்காட்டேரி தாயைக் கடித்ததால் இவருக்கு அந்தக் கடி ஒட்டாது, அவ்வளவுதான் சக்தி. பாதி மனிதன் பாதி காட்டேரி என்பது படத்தின் கைவரிசை, காமிக்ஸில் அது பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

பழையகட்டு:
படம் நன்றாக ஓடியதே, அவருக்கு ஏதாவது கிடைத்ததா?

மைத்துளி:
வழக்குதான் கிடைத்தது சார். 1998இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்து வந்தது, உலகம் முழுக்க 13 கோடி டாலர் வசூல். மார்வெல் திவாலாகி எழுந்துகொண்டிருந்த நேரம், பிற்பாடு வந்த மார்வெல் படங்களுக்கெல்லாம் கதவைத் திறந்தது அதுதான் என்று பலரும் சொல்வார்கள். வுல்ஃப்மேன் அதற்கு முன்பே, 1997இல், பிளேடு, நோவா உள்ளிட்ட பாத்திரங்கள் என்னுடையவை, எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று வழக்குப் போட்டிருந்தார். 2000ஆம் ஆண்டு தீர்ப்பு மார்வெல் பக்கம். நிறுவனம் கேட்டு, நிறுவனத்தின் செலவில் நடந்த வேலை, ஆகவே நிறுவனத்தின் சொத்து. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் கோலன் பெயரும் இருக்கும், பாத்திரத்தை உருவாக்கியவர்கள் என்று.

அட்டைக்கிழிசல்:
இது அந்தத் தொழிலின் பரம்பரை வியாதி. 1938இல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும். அந்த சீகல் பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஃபிளீட்வே இதழ்களுக்கு எழுதிப் பிழைத்தார், அவர் எழுதிய ஸ்பைடர் கதைகளைத்தான் சிவகாசி லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் நாம் தமிழில் படித்தோம். கூம்புத் தலையும் வலைத் துப்பாக்கியுமாக அலைந்த ஸ்பைடரை எழுதியது சூப்பர்மேனைப் படைத்தவர் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

யாழ்வாசகி:
வழக்கை மட்டும் சொன்னால் ஆள் சண்டைக்காரர் என்று தோன்றும். 1986-87ஐயும் சேர்த்துப் பாருங்கள். டிசி தன் இதழ்களுக்கு வயது முத்திரை குத்தப்போகிறோம் என்றது. ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர், ஹோவர்ட் சைக்கின் ஆகிய காமிக்ஸ் படைப்பாளிகளோடு வுல்ஃப்மேனும் எதிர்த்தார், பொதுவில் எதிர்த்தார். அவருடைய ஆசிரியர் பொறுப்பைப் பறித்தார்கள். டைட்டன்ஸும் கிரைசிஸும் கொடுத்த ஆள், கிரைசிஸ் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. மூர் டிசியை விட்டு விலகியதற்கும் இது ஒரு காரணம். வுல்ஃப்மேன் விலகவில்லை, எழுதிக்கொண்டிருந்தார், ஆனால் அந்த வருடங்களில் எழுத்து அடைத்துக்கொண்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து டைட்டன்ஸ் இதழ்களைப் படித்தாலே தெரியும், இழுவை. பெரஸும் முன்பே போய்விட்டார், பிறகு கொஞ்ச நாள் திரும்பினார்.

அட்டைக்கிழிசல்:
இழுவையிலும் 1989இல் புது ராபினாக டிம் டிரேக்கைக் கொண்டுவந்தாரே. பேட்மேனுக்கு ராபின் வேண்டும் என்று ஒரு பையன் தானே துப்பறிந்து வந்து வாதாடுகிற கதை. முந்தைய ராபின் ஜேசன் டாட் செத்து வாசகர்கள் கொதித்திருந்த நேரத்தில் இன்னொரு ராபினை ஏற்றுக்கொள்ள வைத்தது சாதாரணம் இல்லை. சீரியல் மூளை, மறுபடியும் சொல்கிறேன். அதற்கு முன்பு சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரைப் பைத்தியக்கார விஞ்ஞானி வேடத்திலிருந்து இறக்கிக் கோடீஸ்வர முதலாளி ஆக்கிய யோசனையும் அவருடையதுதான். அதைவிடப் பயங்கரமான யோசனை டிராகுலா எழுபது இதழிலும் இல்லை, ஹாஹா.

காகிதப்புலி:
லூதர் விஷயத்தில் என் கட்சிக்கே வலு சேர்த்துவிட்டீர்கள் தம்பி! கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் பிரபு, ஊரே அவனுக்குக் கட்டுப்பட்டது, சட்டம் அவனைத் தொடாது, பகலில் எல்லோரிடமும் கைகுலுக்குவான். அந்த லூதர் டிராகுலாதான், கோட்டு மட்டும் வேறு.

அட்டைக்கிழிசல்:
இப்படிப் போனால் கணக்கு வாத்தியாரும் டிராகுலாதான் அண்ணே.

பழையகட்டு:
சண்டை இருக்கட்டும். இதுவரை ஒன்றுமே படிக்காத என்னை மாதிரி ஆள் எங்கே தொடங்குவது? கிரைசிஸை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் யார் எந்தப் பூமி என்றே புரியாமல் வைத்துவிட்டேன்.

யாழ்வாசகி:
கிரைசிஸைத் தொடாதீர்கள். ஐம்பது வருடக் கதையைத் தெரிந்தவர்களுக்கு எழுதிய கருமாதிப் பத்திரிகை அது, உறவுமுறை தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது. டைட்டன்ஸை முதலிலிருந்து எடுத்து ஜூடாஸ் கான்ட்ராக்ட் வரை போங்கள்.

காகிதப்புலி:
டிராகுலா 7ஆவது இதழ். முன்னால் உள்ள ஆறைத் தாண்டிவிடலாம்.

அட்டைக்கிழிசல்:
தாண்டக் கூடாது, முதல் இதழில் கோலன் ஓவியம் பார்க்காமல் என்ன டிராகுலா. நடுவில் ஹெரால்ட் எச். ஹெரால்ட் என்று ஒரு உருப்படாத திகில் எழுத்தாளர் வருவார், கதை கிடைக்குமே என்று டிராகுலாவுக்கே உதவி செய்கிறவர், அவரைத் தவற விடாதீர்கள். வுல்ஃப்மேன் தன்னையே கேலி செய்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

மைத்துளி:
இரண்டும் பெரிசு என்றால் ‘நைட் ஃபோர்ஸ்’ இருக்கிறது. 1982இல் டிசிக்காக வுல்ஃப்மேனும் கோலனும் மறுபடியும் சேர்ந்து செய்தது, 14 இதழோடு நின்றுவிட்டது. பாரன் வின்டர்ஸ் என்று ஒரு கிழட்டு மந்திரவாதி, வாஷிங்டனில் தன் வீட்டை விட்டு வெளியே வர முடியாது, கூட ஒரு சிறுத்தை, அடுத்தவர்களை ஏமாற்றி ஆபத்துக்குள் அனுப்பிவிட்டு இவர் சாய்வு நாற்காலியில் இருப்பார். டைட்டன்ஸ் உச்சத்தில் இருந்த அதே வருடம் இதை எழுதியிருக்கிறார், டைட்டன்ஸ் வாசகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புலி அண்ணனும் கிழிசலும் இதையும் படித்துவிட்டு வந்து சண்டையைத் தொடரலாம், இதில் மூடுபனியும் இருக்கிறது, சீரியலும் இருக்கிறது.

பழையகட்டு:
14 இதழ் என்றால் என் பட்ஜெட்டுக்குச் சரி. சிறுத்தையின் பெயர் என்ன?

மைத்துளி:
மெர்லின்.